பெட்டியில் கிடந்த காசுகள்

பொன்விழா மலருக்காகப் பழைய படங்களைக் கேட்டு கிளேபாங்கில் வீடு வீடாகப் போனோம். சில வீடுகளில் படங்களோடு காசுப் பெட்டியும் வெளியே வந்தது. "இது என்ன விலைக்குப் போகும்?" என்று பலரும் கேட்டார்கள்.

பழையது என்பதால் மட்டும் விலை ஏறிவிடாது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டுகள் கட்டுக் கட்டாக எஞ்சியிருப்பதால், சாதாரண நோட்டுக்குச் சொற்ப விலைதான். 1971ஆம் ஆண்டின் 10 சென் காசோ நேற்றைய காசு போலத் தோன்றும். ஆனால் அந்த ஆண்டில் அது மிகக் குறைவாகவே அடிக்கப்பட்டதால் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

வெள்ளி டாலருக்குத் தராசு வேண்டும். 1903ஆம் ஆண்டின் நீரிணைக் குடியேற்ற டாலர் சுமார் 26.95 கிராம். வெள்ளியின் விலை ஏறி, காசை உருக்கினால் லாபம் என்ற நிலை வந்ததால், 1907இல் அதைச் சுமார் 20.2 கிராமாகச் சிறிதாக்கினார்கள். எடை பொருந்தாவிட்டாலோ, காந்தத்தில் ஒட்டினாலோ அது போலி. ஒரு வீட்டில் அப்படி ஒரு டாலரைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கி வைத்திருந்தார்கள். மனம் நொந்தோம். மேற்பரப்பு தேய்ந்த காசைச் சேகரிப்பாளர் பாதி விலைக்குக்கூட கேட்கமாட்டார்.

எல்லாவற்றிலும் நமக்கு நெருக்கமானது மலாக்கா சுல்தான்களின் ஈயக்காசு. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட சுல்தான் முஸஃபர் ஷாவின் பெயரை அரபி எழுத்தில் தாங்கியது அது. தமிழ் முஸ்லிம் மரபினர் என்று சொல்லப்படும் பெண்டஹாரா துன் முத்தாஹிர் காலத்துச் சந்தையில், நம் முன்னோராகிய துணி வணிகர் கைகளிலும் இத்தகைய காசு புரண்டிருக்கும். 1511இல் மலாக்காவைப் பிடித்த அல்புகெர்க் பழைய காசைத் திரும்பப் பெற்று, பாஸ்தார்டோ, சோல்டோ, தின்ஹெய்ரோ என்று தம் ஈயக்காசுகளை வெளியிட்டார். ஒரு பாஸ்தார்டோவுக்குப் பத்து சோல்டோ, ஒரு சோல்டோவுக்குப் பத்து தின்ஹெய்ரோ. தப்பிய சுல்தான் காசுகளில் பல, ஆற்று முகத்துவாரச் சேற்றிலிருந்து கிடைத்தவை.

அரியது என்பதால்தான் ஏமாற்றும் அதிகம். ஈயம் 232 டிகிரியிலேயே உருகும். அடுப்பும் அச்சும் இருந்தால் போதும். எங்களில் ஒருவர் நானூறு வெள்ளி கொடுத்து ஒரு "சுல்தான் காசு" வாங்கினார். சில மாதங்கள் கழித்து அதே கடையில் இன்னொன்றைப் பார்த்தார். ஓரத்தில் அதே வெட்டு, அதே இடத்தில். இரண்டு காசுகள் தனித்தனியே தேய்ந்து, ஒரே காயத்தைப் பெற முடியாது. ஒன்றைப் பார்த்து மற்றது வார்க்கப்பட்டிருக்கிறது, அல்லது இரண்டுமே. பாவம், அவர் அதை யாரிடமும் விற்கவும் மனமில்லாமல் வைத்திருக்கிறார்.

ஆகவே, பெட்டி வைத்திருக்கும் குடும்பங்களிடம் நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: கழுவாதீர்கள். எடை போட்டு எழுதுங்கள். யார் கொடுத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, அந்தத் தாளையும் காசோடு பெட்டிக்குள் வையுங்கள்.