எச்சில் துப்பிய எம்.பி.

1798 ஜனவரி 30. அமெரிக்க நாடாளுமன்றம் அப்போது பிலடெல்பியாவில் இருந்தது. கனெக்டிகட் உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வோல்ட், வெர்மான்ட் உறுப்பினர் மேத்யூ லயனிடம் அவருடைய மரக்கத்தியைப் பற்றிக் கிண்டலாகக் கேட்டார். விடுதலைப் போரில் லயன் கோழையென்று பெயர் வாங்கியவர் என்பது உள்குத்து. லயன் திரும்பினார்; கிரிஸ்வோல்டின் முகத்திலேயே துப்பிவிட்டார்.

லயனைச் சபையிலிருந்து நீக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை. பிப்ரவரி 15 காலை, அலுவல் தொடங்கும் முன்பே, கிரிஸ்வோல்ட் கைத்தடியால் லயனை விளாசினார். லயன் கணப்பில் கிடந்த இடுக்கியைத் தூக்கினார். மக்கள் பிரதிநிதிகள் இருவரும் தரையில் கட்டிப் புரண்டார்கள்.

இந்தப் பகைக்கு வேர் கடலுக்கு அப்பால் இருந்தது. 1793-ல் பிரான்சும் இங்கிலாந்தும் போரில் இறங்கியபோது, நாங்கள் நடுநிலை என்று அறிவித்தார் வாஷிங்டன். அவருடைய அமைச்சரவையே நடுநிலையாக இல்லை. ஹாமில்டனின் ஃபெடரலிஸ்டுகள் இங்கிலாந்தின் பக்கம் சாய்ந்தார்கள்; கிரிஸ்வோல்ட் இவர்களில் ஒருவர். லயன் இருந்த, ஜெஃபர்சனின் குடியரசுக் கட்சியினர் பிரான்சின் பக்கம். (இன்றைய குடியரசுக் கட்சி வேறு, இது வேறு.) 1794-ல் வாஷிங்டனின் தூதர் ஜான் ஜே லண்டனில் இங்கிலாந்துடன் ஒப்பந்தம் போட்டதற்காக ஊர் ஊராக அவருடைய கொடும்பாவி எரிந்தது. இந்தியாவில் பிரிட்டிஷார் வசமிருந்த துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வணிகம் செய்ய அனுமதி தந்ததும் இதே ஒப்பந்தம்தான்.

இந்த ஒப்பந்தத்தால் பிரான்சுக்குக் கோபம். 300-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தது. சமாதானம் பேச, வாஷிங்டனுக்குப் பின் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் அனுப்பிய தூதர்களிடம், முதலில் லஞ்சத்தை எடுத்து வையுங்கள் என்றார்கள் வெளியுறவு அமைச்சர் தாலிராண்டின் ஆட்கள். 1798 ஏப்ரலில் தூதர்கள் இதைப் பற்றி எழுதிய கடிதங்கள் வெளியாயின, நாடே கொதித்தது.

அந்தச் சூட்டிலேயே ஃபெடரலிஸ்டுகள் ஜூலை 14 அன்று ராஜதுரோகச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அரசையோ நாடாளுமன்றத்தையோ குடியரசுத் தலைவரையோ அவதூறாக எழுதினால் 2 ஆண்டு வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். துணைக் குடியரசுத் தலைவரை மட்டும் யாரும் எப்படியும் திட்டலாம். காரணம், அந்த நாற்காலியில் இருந்தவர் ஜெஃபர்சன்! சட்டம் 1801 மார்ச் 3-ல் காலாவதியாகும்படியும் பார்த்துக்கொண்டார்கள். ஆடம்ஸின் பதவிக்காலம் முடிவதும் அதையொட்டித்தான். எதிரி பிரான்சில் இல்லை, எதிர்வரிசையில் இருக்கிறான் என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டியதில்லை.

முதலில் சிக்கியவர் லயன். ஆடம்ஸை ஆடம்பரப் பிரியர், சுயநலக்காரர் என்று சாடிய கடிதத்தைச் சட்டம் வருவதற்கு முன்பே எழுதியிருந்தார்; அச்சேறியது பிறகு. 4 மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். வெர்ஜென்ஸ் சிறையில் இருந்தபடியே அவர் தேர்தலில் நின்றார்; ஜெயித்தார்.

ஆடம்ஸ் கடைசியில் சொந்தக் கட்சியை மீறிப் பிரான்சோடு சமாதானம் செய்துகொண்டார். துணிச்சலான முடிவு, அதற்காக ஹாமில்டன் அவரை மன்னிக்கவில்லை. 1800 தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார். ஜெஃபர்சனும் அவருடைய கட்சிக்காரர் ஆரன் பர்ரும் தலா 73 தேர்வாளர் வாக்கு பெற்றதால் முடிவு பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. 1801 பிப்ரவரி 17, 36-வது சுற்று. வெர்மான்ட்டின் ஃபெடரலிஸ்ட் உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, அந்த மாநிலத்தின் வாக்கை ஜெஃபர்சனுக்குப் போட்டவர் லயன்.

லயன் கட்டிய அபராதத்தை 1840-ல் நாடாளுமன்றம் வட்டியோடு அவருடைய வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்தது. அவர் இறந்து அப்போது கிட்டத்தட்ட 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.