குளிர் நீரோட்டம்: மீனுக்கு உணவு, காபனுக்குக் களஞ்சியமா?

பாடசாலையில் உலகப் படம் குறிக்கும்போது வெப்ப நீரோட்டத்துக்குச் சிவப்பு அம்புக்குறியும் குளிர் நீரோட்டத்துக்கு நீல அம்புக்குறியும் இடுவோம். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக நான் வரைந்த நீல அம்பு ஹம்போல்ட் நீரோட்டம். அதற்குள் எத்தனை உயிர்கள் வாழ்கின்றன என்று அப்போது நான் யோசித்ததில்லை.

1802 இல் பெரு நாட்டுக் கரையில் இந்நீரின் வெப்பநிலையை அளந்த ஜேர்மனிய அறிஞர் அலெக்சாண்டர் வொன் ஹம்போல்டின் பெயரே இதற்கு வழங்குகிறது. கரையோரமாக வீசும் தென்கிழக்குக் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து வெளியே தள்ளுகின்றன. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அடியில் தேங்கியிருந்த நைத்திரேற்று, பொசுபேற்று போன்ற ஊட்டச்சத்துகளும் அதனுடன் வருகின்றன. வெயில் படும் நீரில் இந்த உரம் கலந்ததும் தாவர மிதவையுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை நம்பி, எங்கள் நெத்தலிக்கு உறவான அன்சோவெற்றா மீன் கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. கூழைக்கடா, நீர்க்காகம், கடற்சிங்கம் எல்லாம் அந்த மீனை நம்பியிருக்கின்றன.

காற்று தளர்ந்து வெப்பநீர் பரவும் எல் நினோ காலத்தில் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். 1970 இல் பெருவின் அன்சோவெற்றா பிடிப்பு 120 இலட்சம் தொன்னைத் தொட்டது. அளவுக்கு மீறிய மீன்பிடியும் 1972 எல் நினோவும் ஒன்றுசேர, 1973 இல் அது ஏறத்தாழ 20 இலட்சம் தொன்னுக்குச் சரிந்தது. 2023 இலும் வட, மத்திய கடற்பகுதியின் முதல் பருவ மீன்பிடியைப் பெரு அரசு இரத்துச் செய்தது.

இனி காபன். குளிர் நீரோட்டம் எல்லாமே காபனீரொட்சைட்டை உறிஞ்சும் என்றே நானும் நீண்டகாலம் நம்பியிருந்தேன். விடயம் அவ்வளவு எளிதல்ல. குளிரூட்டிய சோடாப் போத்தலில் வாயு தங்கும், சூடேறினால் வெளியேறும். கடலும் அப்படித்தான். பெரு கரையில் மேலெழும் ஆழ்நீர் பழைய காபனையும் கொண்டுவருவதால், அங்கு கடல் வாயுவை வளிமண்டலத்துக்கு விடுகிறது. இறந்த மிதவையுயிர்களும் மீன்களின் கழிவும் அடியில் படிவதால் அதில் ஒரு பகுதியே மீண்டும் ஆழத்துக்குப் போகிறது. உண்மையான களஞ்சியங்கள், நீர் குளிர்ந்து கீழிறங்கும் வட அத்திலாந்திக்கும் அந்தாட்டிக்காவைச் சூழ்ந்த தென் சமுத்திரமும்தான். மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ கால்பங்கைக் கடல்கள் உள்வாங்குகின்றன. கடல் சூடேறச் சூடேற அந்தத் திறன் குறையும்.

இது தொலைதூரக் கதை மட்டுமல்ல. சோளகக் காற்று வீசும் மாதங்களில் இலங்கையின் தென்கரைக் கடலிலும் ஆழ்நீர் மேலெழுந்து மிதவையுயிர்கள் பெருகுகின்றன. காற்றின் போக்கு மாறினால் அந்த உணவுச் சங்கிலியும் மாறும். அதன் விளைவை முதலில் உணரப்போவது கரையில் வலையோடு நிற்பவர்தான்.