மோகன் பாகானும் ஈஸ்ட் பெங்காலும்: ஒரு நகரப் பகையின் வரலாறு

ஒரே நகரத்தைச் சேர்ந்த இரு கழகங்கள் மோதும் கால்பந்தாட்டத்துக்கு ‘டெர்பி’ என்று பெயர். கொல்கத்தாவில் மோகன் பாகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் ஆட்டத்தை அந்நகரத்தார் ‘பொரோ மேட்ச்’, அதாவது பெரிய ஆட்டம், என்றே வழங்குகின்றனர். விழுப்புரம், திண்டிவனம் போன்ற அடுத்தடுத்த இரு ஊர்கள் மோதினால் எவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை அவரவர் முகவரியே சொல்லிவிடும்; ஒரே தெருவில் குடியிருப்போர் இரண்டாகப் பிரியும் நகரத்திலோ அதை முடிவு செய்ய வேறோர் அடையாளம் வேண்டியிருக்கிறது. கொல்கத்தாவில் அது பூர்விகமாக அமைந்தது. மேற்கு வங்கத்தின் பூர்வகுடிகளான ‘கோட்டி’கள் மோகன் பாகானுக்கும், பத்மா நதிக்குக் கிழக்கே வேர்கொண்ட ‘பாங்கால்’கள் ஈஸ்ட் பெங்காலுக்கும் உரியவர்கள் என்பது வழக்கமான விளக்கம். பார்வையாளர் மாடத்துக்கு இது பெரிதும் பொருந்தும். களத்தில் ஆடியவர்களுக்கு எக்காலத்திலும் முழுமையாகப் பொருந்தியதில்லை.

மோகன் பாகான் 1889 ஆகஸ்ட் 15இல் வடகொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. இந்தியக் கால்பந்துச் சங்கம் நடத்திய கேடயப் போட்டியின் இறுதியாட்டத்தில், 1911 ஜூலை 29 அன்று, ஒருவர் நீங்கலாக அனைவரும் வெறுங்காலுடன் ஆடிய அந்த அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்னும் ஆங்கிலேயப் படையணியை 2–1 என வென்றபோது, கழகத்தின் வெற்றி ஆளப்படும் நாட்டின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. அந்த அணியினர் பலரின் பூர்விகம் கிழக்கு வங்கம்தான். அவர்களுக்குப் பின் வந்து, அசைக்க முடியாத தடுப்பாட்டத்தால் ‘சீனப் பெருஞ்சுவர்’ எனப் பெயர்பெற்ற கோஷ்டோ பாலும் ஃபரீத்பூர்ப் பகுதியில் பிறந்தவரே. ஆகவே, பிற்காலத்தில் ‘கோட்டிகளின் கோட்டை’ என்று கருதப்பட்ட கழகத்தின் முதற்புகழைக் கட்டியெழுப்பியதில் கிழக்கத்தியருக்கும் பெரும்பங்கு உண்டு.

எதிர்க்கழகம் பிறந்ததற்கு ஒரு மனத்தாங்கல் காரணமாயிற்று. 1920 ஜூலை இறுதியில் மோகன் பாகானுக்கு எதிரான ஆட்டமொன்றில், கிழக்கு வங்கத்தவரான சைலேஷ் போஸை ஜோராபாகான் கழகம் களமிறக்க மறுத்ததாகவும், அக்கழகத்தின் துணைத்தலைவராயிருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி அதை ஏற்காமல் விலகியதாகவும் கழக வரலாறு கூறுகிறது. அவரும் நண்பர்களும் ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய கழகம் கிழக்கு வங்கத்தின் பெயரையே தாங்கியது. 1925 மே 28இல் கொல்கத்தா லீக் போட்டியில் இரு கழகங்களும் முதன்முறையாகச் சந்தித்தபோது நேபாள் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலால் புதிய கழகம் வென்றது. ஆயினும் இது உடனே பெரும்பகையாகிவிடவில்லை. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டம் வென்ற மொகமதன் ஸ்போர்ட்டிங்தான் அந்தக் காலத்தின் பேச்சாக இருந்தது.

பகைக்கு உரமிட்டது 1947ஆம் ஆண்டின் தேசப்பிரிவினை. நிலத்தையும் வீட்டையும் இழந்து வந்த பல லட்சம் மக்கள் ஜாதவ்பூர் முதலிய பகுதிகளில் குடிசைகள் எழுப்பிக் குடியேறினர்; கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துக் கீழ்புத்துப்பட்டு போன்ற இலங்கைத் தமிழர் முகாம்களை அறிந்த விழுப்புரம் மாவட்டத்தாருக்கு, விட்டுவந்த ஊரின் பெயர் ஏதேனும் ஒன்றில் ஒட்டிக்கொண்டிருப்பது எத்தகைய பற்றுக்கோடு என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்திய வரைபடத்திலிருந்து நீங்கிய கிழக்கு வங்கம், கழகத்தின் பெயரில் நீடித்தது. உணவும் கொடியாயிற்று: ஈஸ்ட் பெங்கால் வென்றால் உல்லம் மீனும், மோகன் பாகான் வென்றால் இறாலும் சந்தையில் விலையேறும் என்பது நகரத்தின் நிலைத்த வழக்கு.

அகதிகளின் பெருமிதத்தைச் சுமந்த அந்த ஆண்டுகளில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடியவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னிந்தியர். ‘பஞ்ச பாண்டவர்’ என்று அழைக்கப்பட்ட இவர்களின் காலத்தில்தான் கழகம் 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து கேடயத்தை வென்றது. மறுபுறத்தில், வாழ்நாள் முழுவதும் மோகன் பாகானைத் தவிர வேறு கழகத்துக்கு ஆடாத சுனி கோஸ்வாமி பிறந்ததோ கிழக்கு வங்கத்தின் கிஷோர்கஞ்சில். நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955லும் 1958லும் டுராண்டு கோப்பையை வென்றபோது அதன் கோல்காப்பாளராக விளங்கிய பீட்டர் தங்கராஜ், பின்னர் கொல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார். ஆட்டக்காரர்கள் கழகம் மாறும் பருவத்தில், எதிர்த்தரப்பு கவர்ந்துகொள்ளாதபடி கழக நிர்வாகிகள் அவர்களை மறைவிடங்களில் வைத்திருந்து கையொப்பமிட அழைத்துச் சென்றதும் உண்டு. ஆட்டக்காரருக்குக் கழகம் மாறலாம். ரசிகருக்கு அந்த உரிமை இல்லை.

இந்த வேறுபாடே பகையின் கசப்பான பக்கத்தையும் விளக்குகிறது. 1975 செப்டம்பர் 30 அன்று கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என வென்றது. மோகன் பாகான் குடும்பங்களில் அந்தத் தோல்வி தலைமுறைகளைத் தாண்டியும் பேசப்படுகிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் களத்தில் மூண்ட பூசல் மாடத்துக்குப் பரவ, அதில் ஏற்பட்ட நெரிசலில் 16 பேர் உயிரிழந்தனர். களத்தில் இருந்தோர் எவரும் சாகவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அந்த நாளில் ஆண்டுதோறும் குருதிக்கொடை முகாம் நடத்துவது வழக்கமாயிற்று.

கூட்டத்தின் உச்சம் 1997 ஜூலை 13 அன்று, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், சால்ட் லேக் அரங்கில் வந்தது. பதிவான பார்வையாளர் எண்ணிக்கை 1,31,781. 2011 கணக்கெடுப்பிலும் விழுப்புரம், திண்டிவனம் இரண்டில் எந்த நகரத்தின் மக்கள்தொகையும் இதைத் தொடவில்லை. பைச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது. அவர் சிக்கிமைச் சேர்ந்தவர்.

இரு கழகங்களும் 2020இல் இந்தியன் சூப்பர் லீக் என்னும் வணிகத் தொடருக்குள் சென்றன. அதில் அவற்றின் முதல் மோதல், பெருந்தொற்றின் காரணமாக, அந்த ஆண்டு நவம்பர் 27 அன்று கோவாவில் வெற்று மாடங்களுக்கு முன் நடந்தது. பயிற்சியாளர்களில் ஒருவர் ஸ்பானியர், மற்றவர் ஆங்கிலேயர். வென்ற மோகன் பாகானின் இரு கோல்களையும் அடித்தவர்கள் ஃபிஜித் தீவினர் ஒருவரும் பஞ்சாபியர் ஒருவரும். கோல்களைவிட, கழகப் பெயரின் முன் முதலீட்டாளர்கள் ஒட்டிய ‘ஏடிகே’ என்ற எழுத்துகளே ரசிகர்களை அதிகம் உறுத்தின. தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 2023இல் அவை நீக்கப்பட்டன.

2024 ஆகஸ்டில் நிலைமை தலைகீழாயிற்று. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டதைக் கண்டித்து நகரமே கிளர்ந்திருந்தபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி, 18ஆம் தேதி நடக்கவிருந்த டுராண்டு கோப்பை டெர்பி ரத்து செய்யப்பட்டது. ஆட்டமில்லாத அந்த மாலையிலும் இரு கழகங்களின் ரசிகர்களும் அரங்கின் முன் திரண்டு, நீதி கேட்டு ஒன்றாக முழக்கமிட்டுக் காவல்துறையின் தடியடிக்கு ஆளாயினர். போட்டி அமைப்பாளர்கள் இரு அணிகளுக்கும் ஆளுக்கொரு புள்ளி வழங்கினர்.