மொட்டை மாடி டிஷ்ஷும் 18 வோல்ட் சண்டையும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே.

1991 ஜனவரியில் வளைகுடாப் போரை சிஎன்என் நேரடியாகக் காட்டியது. அதே வருஷம் ஆசியாசாட்-1 வழியாக ஸ்டார் டிவி வந்தது. வீட்டுக்கொரு டிஷ் வைக்க யாரிடம் காசு? ஒருத்தர் மாடியில் டிஷ் வைக்க, தெரு முழுக்க வயர் ஓடியது. கேபிள் டிவிக்கென்று சட்டம் வந்ததே 1995-ல்தான்!

சாட்டிலைட் சில சேனலைப் படுக்கைவாக்கிலும் மற்றதை நெடுக்குவாக்கிலும் அனுப்பும். கேபிள்காரர்கள் இரண்டையும் தனித்தனியாக எடுத்து, சேனலுக்கொரு ரிசீவர் வைத்தார்கள். அதனால் சண்டையில்லை.

எங்க வீட்டுக் கதை வேற. 2006. மாடியில் சித்தப்பா, கீழே நாங்க. ஒரே டிஷ், ஒரு எல்என்பி, நடுவுல ஸ்ப்ளிட்டர், ரெண்டு ரிசீவர். அவர் சேனல் மாத்தினா அப்பாவோட நியூஸ் போயிடும். "வேணும்னே பண்றான்"னு அப்பா. ஆறு மாசம் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை.

இன்ஜினியரிங் படிச்சப்புறம்தான் புரிஞ்சது. ரிசீவர் 13 வோல்ட் அனுப்பினா எல்என்பி நெடுக்கை எடுக்கும், 18 அனுப்பினா படுக்கையை. ரெண்டும் ஒரே வயர்ல போனா 18தான் ஜெயிக்கும். ரெண்டு அவுட்புட் உள்ள ட்வின் எல்என்பி ஒண்ணு வாங்கியிருந்தா போதும்.

அப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அப்பவே சொல்லியிருக்கலாமேடா"ன்னார்.

அப்ப எனக்கு ஒன்பது வயசுப்பா!