மலாயா போர்க்கப்பலின் நிறங்கள்

எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைக் கட்டும் செலவை ஐக்கிய மலாய் மாநிலங்களான பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஏற்றன. அந்த மாநிலங்களின் கருவூலத்தை நிரப்பியவற்றுள் ஈயமும், அப்போது வேகமாகப் பரவிவந்த ரப்பரும் அடங்கும். நெகிரி செம்பிலானின் லிங்கி, லாபு, போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் விடிவதற்குள் பால்வெட்டுக்குக் கிளம்பிய தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பும் அந்தப் பணத்தில் உண்டு. ஆட்சியாளர்களின் கொடையைப் பேசும் நூல்கள் இதையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும்.

1915 மார்ச்சில் நீரில் இறங்கிய கப்பல், மறு ஆண்டு மே 31 அன்று ஜட்லாந்து கடற்போரில் சண்டையிட்டது, 1948-இல் உடைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அது பல நிறங்களைக் கண்டது. அமைதிக் காலத்தில் பிரிட்டனின் தாய்நாட்டுக் கடற்படைக் கப்பல்கள் அடர்சாம்பலிலும், மத்தியதரைக் கடல் கப்பல்கள் வெளிர்சாம்பலிலும் இருப்பது அப்போது வழக்கமாக இருந்தது. 1941 மார்ச் 20 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கி யு-106 ஏவிய டார்பிடோ தாக்கி, நியூயார்க்கில் பழுதுபார்க்கப்பட்ட பின், போர்க்கால உருமறைப்புச் சாயம் மலாயாவின் மேல் ஏறியது.

உருமறைப்பு என்றால் கப்பலைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது என்று மட்டும் கொள்வது தவறு. ஓவியரும் கடற்படை அதிகாரியுமான நார்மன் வில்கின்சன் 1917-இல் முன்வைத்த முறையில் கப்பல் நன்றாகவே தெரியும். ஆனால் அது எந்தத் திசையில் போகிறது என்று நீர்மூழ்கியின் தளபதி கணிக்கத் தடுமாறுவார். இரண்டாம் உலகப்போரில் மறைப்பது, குழப்புவது ஆகிய இரு நோக்கங்களும் கலந்தன. லார்ட் மவுண்ட்பேட்டன் 1940-இல் தம் நாசகாரிக் கப்பல்களுக்குச் சாம்பலில் சிவப்பு கலந்த ஒருவகை ஊதா நிறத்தைப் பூசச் செய்தார். விடியலிலும் அந்தியிலும் கப்பல் மங்கித் தெரியும் என்பது அவருடைய கணக்கு.

இந்த நிறங்களை இன்று கண்டறிவது எளிதல்ல. கிடைப்பவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். பான்குரோமேட்டிக் பிலிமில், மஞ்சள் வடிகட்டி வைத்து எடுத்தால், அதே நீலம் இருண்டுவிடும். ஒரே பட்டை இரு படங்களில் இரு விதமாகத் தெரியும் என்பதால், படத்தை மட்டும் நம்பி நிறம் சொன்ன நூல்கள் பல இடங்களில் வழுக்கின.

நம்பகமான சான்று காகிதத்தில்தான் இருக்கிறது. லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில், கடற்படைத் தலைமையகத்தின் கோப்புகள் ஏ.டி.எம். என்ற குறியீட்டின் கீழ் உள்ளன. அவற்றில் ஏ.டி.எம். 53 வரிசை, கப்பல்களின் நாட்குறிப்பேடுகள். காற்று, கடல், வேகம் என்று மணிக்கு மணி நிரம்பும் பக்கத்தில், மாலுமிகள் கப்பலின் பக்கங்களுக்குச் சாயம் பூசியதாக ஒற்றை வரி எதிர்ப்படும். நிறத்தின் பெயர் அதில் இராது, நாள் இருக்கும். அந்த நாளை வைத்து, எந்தப் படம் பழைய சாயத்துக்குரியது, எது புதியதற்குரியது என்று பிரிக்கலாம். பிறகு அக்காலத்து உத்தரவுகளையும், இடப்புறம் வலப்புறம் என்று தனித்தனியே வரைந்த வடிவப் படங்களையும் ஒப்பிட வேண்டும். இரு பக்க வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சாய மாதிரிச் சீட்டுகளும் ஏமாற்றக்கூடியவை. ஆளிவிதை எண்ணெயில் கலந்த சாயம், மூடிய கோப்பின் இருட்டில் மஞ்சளித்துப்போகும். நீலச்சாயல் கொண்ட சாம்பல், பச்சைச்சாயலாகத் தோன்றும். அப்போது கைகொடுப்பது கலவைக் குறிப்பு. எந்த நிறமி எத்தனை எடை என்று அதில் இருந்தால் சாயத்தை மறுபடி கலந்து பார்க்கலாம். பிற்காலச் சாயப் பெயர்களே ஓர் உதவி: ஜி45, பி20 போன்றவற்றில் எழுத்து சாம்பலா நீலமா என்பதையும், எண் அந்தச் சாயம் ஒளியில் ஏறத்தாழ எத்தனை விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் என்பதையும் குறிக்கும்.

போர் முடியும் தறுவாயில் பலநிறக் கோலங்கள் குறைந்து, வெளிர்சாம்பல் உடலில் நீண்ட நீலப் பட்டை என்ற எளிய முறை பரவியது. 1945 செப்டம்பரில், இதே மவுண்ட்பேட்டனின் தலைமையில், மலாய் தீபகற்பத்தின் மோரிப்பிலும் போர்ட்டிக்சன் கரையிலும் படைகளை இறக்க வந்த கடற்படையின் காலம் அது. மலாயா அந்த அணியில் இல்லை. ஏற்கெனவே முன்னணிப் பணியிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனில் அது உடைக்கப்பட்டதால், கடலடியில் கிடக்கும் கப்பல்களைப் போல அதன் தகட்டைச் சுரண்டி அடுக்கடுக்கான சாயத்தைப் பார்க்கும் வழியும் இல்லை. நாட்குறிப்பேடு, உத்தரவு, வடிவப் படம், நாள் தெரிந்த புகைப்படம் ஆகிய நான்கும் ஒத்துப்போகும் இடத்தில் மட்டுமே அதன் நிறத்தை உறுதியாகச் சொல்ல முடியும்.