ஆறு இரவு வைத்தியம்

பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த நோட்டீஸைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. "வாலிப வயோதிக அன்பர்களே" என்று ஆரம்பித்து, கைப்பழக்கம், நரம்புத் தளர்ச்சி என்று பயமுறுத்தி, இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் இத்தனாம் நம்பர் அறை என்று முடியும். நாம் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். என் சீனியர் ஒருவர் (பெயர் வேண்டாமே) சிரிக்கவில்லை. கல்யாணமாகி மூன்று மாதம். அந்த அறைக்குப் போய் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு லேகியம் வாங்கிச் சாப்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை, பயம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

அவருக்காகத் தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பழைய கதை, பொறுமையாகப் படியுங்கள்.

16-ஆம் நூற்றாண்டு பிரான்சில், முதலிரவில் ஒருவனுக்கு முடியாமல் போனால் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்பார்கள். கல்யாணச் சடங்கின்போது எதிரி ரகசியமாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டானாம்! மோந்தேன் என்ற எழுத்தாளர், 1580-இல் வெளிவந்த தன் கட்டுரைத் தொகுப்பில், இது வெறும் மனபயம் என்று எழுதினார். ஆனால் அவர் செய்த வேலை வேடிக்கையானது. இந்தப் பயத்தில் இருந்த ஒரு பிரபு நண்பருக்கு, உருவங்கள் பொறித்த சின்னத் தங்கத் தகடு ஒன்றைக் கொடுத்து, இப்படிக் கட்டிக்கொள், இத்தனை தடவை ஜெபம் சொல் என்று சடங்கெல்லாம் சொல்லி அனுப்பினார். வேலை செய்தது. தாயத்து போலத்தான். பயத்தை இன்னொரு நம்பிக்கையால் அடித்தார், அவ்வளவே.

பயத்தை நேராகப் பிடித்தவர் ஜான் ஹண்டர் (1728-1793). ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் பேர் வாங்கிய அறுவை மருத்துவர். 1786-இல் பால்வினை நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு நோயாளியின் கதை வருகிறது.

ஆண்மை போய்விட்டது என்று ஒருவர் வந்தார். ஹண்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து விசாரித்தார். (லாட்ஜ் அறையில் சீனியருக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம்.) வேண்டாத நேரத்தில் விறைப்பு வருகிறதா? வருகிறது. ஆசை இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் உடம்பில் கோளாறு இல்லை. எல்லாப் பெண்களிடமும் இப்படித்தானா? இல்லை, ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும்தான். அந்தப் பெண்ணிடம் நன்றாக நடந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை, அந்த ஆசையிலிருந்து முடியாமல் போய்விடுமோ என்ற சந்தேகம். இதுதான் நோய் என்று ஹண்டர் கண்டுபிடித்தார்.

மருந்து எதுவும் தரவில்லை. அந்தப் பெண்ணோடு ஆறு இரவு படுத்துக்கொள், ஆனால் என்ன ஆனாலும் உறவு கொள்ளமாட்டேன் என்று உனக்கு நீயே சத்தியம் செய்துகொள் என்றார். இரண்டு வாரம் கழித்து அந்த ஆள் வந்து சொன்னதுதான் அருமை. முடியாதோ என்று பயந்துகொண்டு படுக்கைக்குப் போனவர், இப்போது ஆசையை அடக்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டு போனாராம்! ஒருமுறை அந்தக் கட்டு உடைந்த பிறகு பிரச்சினை திரும்பவே இல்லை.

இது ஏன் வேலை செய்தது என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். விறைப்புக்கு இரத்தக் குழாய்கள் தளர்ந்து இரத்தம் நிறைய வேண்டும். பயந்தால் அட்ரினலின் சுரந்து அதே குழாய்களைச் சுருக்கிவிடும். 'முடியணுமே' என்று நினைக்க நினைக்க முடியாது. பரீட்சை ஹாலில் தெரிந்த விடை மறந்துபோவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உலகம் ஹண்டரை விட்டுவிட்டு டிஸோவைப் பிடித்துக்கொண்டது. இந்த சுவிஸ் மருத்துவர் 1760-இல் கைப்பழக்கத்தால் உடம்பே அழியும் என்று எழுதிய புத்தகம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. இந்த மாதிரிப் புத்தகங்கள் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்தன என்று ஹண்டர் அப்போதே எழுதினார். யார் கேட்டார்கள்? நம்மூரில் விந்து போனால் சக்தி போகும் என்ற பயம் ஏற்கெனவே உண்டு. மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் இதை 'தாது நோய்' என்று பெயரிட்டு விவரித்தார். இத்தகைய விளம்பரங்களை 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. சுவருக்குச் சட்டம் தெரியவில்லை போலும்.

ஹண்டரின் வழிக்குப் புது உயிர் வந்தது 1970-இல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் கணவன் மனைவியைச் சேர்த்தே வரவழைத்து, முதலில் உறவுக்குத் தடை போட்டார்கள். தொடுதல் மட்டும். தன்னைத் தானே ஓரமாய் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் ஆணைக் கெடுக்கிறது என்றார்கள். 1998-இல் வயாகரா வந்தது. அது இரத்த ஓட்டத்துக்கு உதவும், ஆனால் டாக்டர் சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கக் கூடாது. சர்க்கரை, இதய நோயிலும் விறைப்புக் குறையும் என்பதால் முதலில் ஒரு பரிசோதனை தேவை.

இதையெல்லாம் சீனியரிடம் சொன்னேன். இரண்டு வாரம் பேசவே இல்லை. அப்புறம் ஒருநாள் அவரே போன் செய்தார். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு போயிருக்கிறார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமாடா என்றார்.

"காலைல எழுந்திருக்கும்போது விறைப்பு இருக்கா தம்பி?"