பென்குயின் புரட்சி

பென்குயின் புரட்சி என்பது தென் அமெரிக்க நாடான சிலியில் 2006 ஏப்ரல் முதல் சூன் வரை உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தரமான பொதுக்கல்வி கோரி நடத்திய போராட்டம் ஆகும். வெள்ளைச் சட்டையும் கருநீல மேலங்கியும் கொண்ட பள்ளிச் சீருடையால் மாணவர்கள் பென்குயின்கள் என அழைக்கப்பட்டனர். அதுவே போராட்டத்தின் பெயராயிற்று.

பின்னணி

அகுஸ்தோ பினோச்சேயின் இராணுவ ஆட்சியில், 1980களில் அரசுப் பள்ளிகள் நகராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. மாணவர் வருகையைக் கணக்கிட்டு நகராட்சிப் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் அரசு மானியம் அளித்தது. வசதியுள்ள நகராட்சிகள் தம் பணத்தையும் சேர்த்துச் செலவிட்டன. ஏழை நகராட்சிகளுக்கு அது இயலவில்லை. 1993 முதல் மானியம் பெறும் தனியார் பள்ளிகள் பெற்றோரிடம் கட்டணமும் பெறலாயின. இதனால் பிள்ளைகள் குடும்ப வருமானத்தின்படி வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரிந்தனர்.

இம்முறைக்கு அரணாக விளங்கிய கல்விச் சட்டம், பினோச்சே பதவி விலகுவதற்கு முதல் நாளான 1990 மார்ச் 10 அன்று வெளியிடப்பட்டது. அதனைத் திருத்த நாடாளுமன்றத்தில் ஏழில் நான்கு பங்கு வாக்குகள் தேவைப்பட்டமையால், மக்களாட்சி திரும்பிய பின்னும் அது நீடித்தது.

கோரிக்கைகள்

* மாணவர்களுக்கு இலவசப் பேருந்துப் பயணம்
* பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக் கட்டண நீக்கம்
* முழுநாள் பள்ளித் திட்டத்தின் மறுஆய்வு
* நகராட்சி நிர்வாக முறையை ஒழித்தல்
* 1990 கல்விச் சட்டத்தை நீக்குதல்

முதலிரண்டும் அன்றாடச் செலவு பற்றியவை. இறுதி இரண்டும் கல்வி அமைப்பையே மாற்றக் கோரியவை.

போராட்டத்தின் போக்கு

பழைய நிலக்கரிச் சுரங்க நகரமான லோத்தாவில், மழைநீர் ஒழுகும் பள்ளிக் கட்டடத்தை எதிர்த்து மாணவர்கள் ஏப்ரலில் தெருவில் இறங்கினர். தொடக்கக்கால ஊர்வலங்களில் பலர் கைது செய்யப்பட்டனர். மே 19 முதல் மாணவர்கள் உத்தியை மாற்றி, தலைநகர் சான்டியாகோவில் தம் பள்ளிகளையே கைப்பற்றி உள்ளே தங்கினர். 1813இல் நிறுவப்பட்ட தேசியப் பள்ளியும் அவற்றுள் ஒன்று. முடிவுகள் பள்ளிப் பிரதிநிதிகளின் பேரவையில் எடுக்கப்பட்டன. அவற்றை வெளியிடுவதே பேச்சாளர்களின் பணியாக இருந்தது. மே 30 அன்று நடந்த நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்றனர்.

சூன் 1 அன்று குடியரசுத் தலைவர் மிசெல் பாச்செலெட் தொலைக்காட்சியில் உரையாற்றினார். பயண அட்டையை எந்நாளும் எந்நேரமும் பயன்படுத்தலாம் என்றும், வசதி குறைந்தோருக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை என்றும், கல்வி ஆலோசனைக் குழு அமைக்கப்படும் என்றும் அறிவித்தார். சூன் மாதத்தில் பள்ளி முற்றுகைகள் முடிவுக்கு வந்தன. 81 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவில் மாணவர்களும் இடம்பெற்றனர்.

விளைவுகள்

2008இல் ஏழை மாணவர்களுக்குக் கூடுதல் மானியம் வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2009இல் பழைய கல்விச் சட்டத்துக்குப் பதிலாகப் பொதுக் கல்விச் சட்டம் வந்தது. எனினும் நகராட்சி முறையும் பள்ளிக் கட்டணமும் தொடர்ந்தமையால், இது பெயர் மாற்றமே எனப் பல மாணவர்கள் குறைகூறினர். 2011இல் பல்கலைக்கழக மாணவர்களின் பெரும் போராட்டம் எழுந்தது. மானியம் பெறும் பள்ளிகளில் இலாப நோக்கையும் கட்டணத்தையும் படிப்படியாக நீக்கும் சட்டம் 2015இலும், பொதுப்பள்ளிகளை நகராட்சிகளிடமிருந்து புதிய வட்டார அமைப்புகளுக்கு மாற்றும் சட்டம் 2017இலும் வெளிவந்தன. 2006இன் முதன்மைக் கோரிக்கைக்குச் சட்ட வடிவம் கிடைக்கப் பதினொரு ஆண்டுகள் ஆயின என்பது குறிப்பிடத்தக்கது.